பூஜ்யம் கடைசிப் படியில்தான் வரும்!

தம்பி, ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடு. தங்கையே, நீயும் எடு. இந்தக் கட்டுரையைக் கண்ணால் மட்டும் படித்துவிட்டுப் போக உன்னை விடமாட்டேன். கையாலும் படிக்க வேண்டும். மொத்தம் ஐந்தே படிகள் கொண்ட ஒரு கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். போட்டு முடித்த பிறகும் "என்னால் முடியாது" என்று உன் வாய் சொன்னால், அப்போது சொல், கேட்டுக்கொள்கிறேன்.

தாளின் தலையில் 127 என்று எழுது. இது பகா எண்ணா, பகு எண்ணா என்று பார்க்கப் போகிறோம். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதது பகா எண். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அந்தப் பெயரை இப்போது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார். பகா எண். எவராலும் பங்கு போட முடியாத எண். எந்தக் கத்தியை வைத்தாலும் துண்டாகாத எண்.

சோதனையின் விதி இதுதான். 4-இல் தொடங்கு. அதை அதனாலேயே பெருக்கு. 2-ஐக் கழி. வந்ததை 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். அந்த மீதியை வைத்து இதையே மறுபடி செய். இப்படி ஐந்து முறை. ஐந்தாம் முறை மீதி பூஜ்யம் என்றால் 127 பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண். நடுவில் என்ன வந்தாலும் அதற்குப் பொருள் கிடையாது.

போடு.

முதல் படி: நாலு நாலு 16. இரண்டு போனால் 14.

இரண்டாம் படி: 14-ஐ 14-ஆல் பெருக்கினால் 196. இரண்டு போனால் 194. அதில் 127 போனால் மீதி 67.

மூன்றாம் படி: 67-இன் வர்க்கம் 4489. இரண்டு போனால் 4487. அதில் 127 முப்பத்தைந்து முறை போகும். மீதி 42.

நான்காம் படி: 42-இன் வர்க்கம் 1764. இரண்டு போனால் 1762. அதில் 127 பதின்மூன்று முறை போகும். மீதி 111.

ஐந்தாம் படி: 111-இன் வர்க்கம் 12321. இரண்டு போனால் 12319. அதில் 127 சரியாக 97 முறை போகும். மீதி?

பூஜ்யம்!

127 பகா எண். நீயே நிறுவிவிட்டாய். இனி உலகத்தின் எந்த மேதை வந்து மறுத்தாலும் மாறாத உண்மை அது.

ஆனால் தாளை மடித்துவிடாதே. நான்காம் படியைத் திரும்பிப் பார். நாம் தேடியது பூஜ்யம். 127-ஆல் வகுத்தால் வரக்கூடிய மிகப் பெரிய மீதியே 126-தான். நம் கையில் இருந்ததோ 111! 14-இல் இருந்தோம், 67-க்குப் போனோம், 42-க்கு இறங்கினோம், கொஞ்சம் நம்பிக்கை வந்தது, அடுத்த படியில் 111-க்குத் தூக்கி எறியப்பட்டோம். இலக்கிலிருந்து அவ்வளவு தூரம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "இது தேறாதுப்பா, விட்டுடு." உறவுக்காரர் என்ன சொல்லியிருப்பார்? "உன் வயசுப் பையனெல்லாம் எங்கேயோ போயிட்டான், நீ இன்னும் 111-லேயே நிக்கிற."

அந்த 111-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு படி!

நடுவில் வரும் மீதி தீர்ப்பு ஆகாது

நீ இன்று எந்தப் படியில் நிற்கிறாய்? மூன்றாம் முறை எழுதிய போட்டித் தேர்விலும் பட்டியலில் பெயர் இல்லையா? நேர்முகத் தேர்வுகளில் "சொல்லி அனுப்புகிறோம்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்ததா? தொடங்கிய சிறு தொழிலில் போட்ட முதல் கரைந்துகொண்டிருக்கிறதா? அவை எல்லாம் மீதிகள். நடுப்படி மீதிகள். அவற்றைப் பார்த்துத் தன்னைத்தானே பகு எண் என்று தீர்ப்பெழுதிக்கொள்ள உனக்கு யார் உரிமை கொடுத்தது?

உனக்குப் பொய்யான ஆறுதல் சொல்லவும் மாட்டேன். எல்லாக் கணக்கும் பூஜ்யத்தில் முடியும் என்று சொன்னால் அது ஏமாற்று. 2047-ஐ இதே சோதனையில் போட்டுப் பார். ஒன்பது படிகள். 14, 194, 788, 701, 119, 1877, 240, 282 என்று அலைந்து, ஒன்பதாம் படியில் 1736-இல் போய் நிற்கும். பூஜ்யம் இல்லை. 2047 பகு எண். 23-ஐயும் 89-ஐயும் பெருக்கினால் வருவது அது. ஆனால் அந்த "இல்லை" என்ற விடையும் ஒன்பதாம் படி வரை போனவனுக்குத்தான் சொந்தம். பாதியில் பேனாவை வைத்தவனுக்கு "ஆம்" கிடையாது, "இல்லை"யும் கிடையாது. "ஒருவேளை முடித்திருந்தால்..." என்ற ஏக்கம்தான் மிச்சம். அந்த ஏக்கத்தோடு அறுபது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுதான் தோல்வி.

தவறியவர் பெயர்தான் நிலைத்தது

127, 2047 இரண்டும் ஒரே வார்ப்பு. இரண்டை இரண்டாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருபவை. ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. கணினியின் மொழியில், ஒன்றும் பூஜ்யமுமாக எழுதும் இரும முறையில் எழுதினால் 127 என்பது 1111111. ஏழு விளக்குகள் வரிசையாக வைத்து ஏழையும் ஏற்றியது போல. ஒன்றுகூட அணையாத வரிசை.

இந்த வார்ப்பில் வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். யார் அந்த மெர்சென்? பிரான்ஸ் நாட்டுத் துறவி மாரின் மெர்சென். 1644-இல் ஒரு நூலில் துணிந்து ஒரு பட்டியல் வெளியிட்டார். இரண்டின் அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆக இருந்தால் பகா எண் கிடைக்கும். 257 வரை வேறு எந்த அடுக்குக்கும் கிடைக்காது என்றார்.

அந்தப் பட்டியல் தவறு! 67-உம் 257-உம் தேறவில்லை. 61, 89, 107 மூன்றையும் அவர் விட்டுவிட்டார். மொத்தம் ஐந்து பிழைகள். முழுப் பட்டியலையும் சரிபார்த்து முடிக்க 1947 வரை ஆனது. முந்நூற்று மூன்று ஆண்டுகள்!

ஐந்து இடத்தில் தவறியவரின் பெயரைத்தான் உலகம் அந்த எண்களுக்குச் சூட்டியிருக்கிறது. ஏன்? அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தனக்குத் தெரிந்ததைத் தாளில் எழுதி, உலகத்தின் முன் வைத்து, "இதோ, சோதித்துப் பாருங்கள்" என்றார். அந்தப் பட்டியலைச் சரிபார்க்கப் புறப்பட்டவர்களால்தான் எண் கணிதம் வளர்ந்தது. தப்பாகிவிடுமோ என்று பயந்து வகுப்பில் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கிறாயே, உனக்குச் சொல்கிறேன்: தப்பாகப் பேசியவன் திருத்தப்பட்டான். பேசாதவனைத் திருத்தக்கூட யாரும் வரவில்லை.

இருட்டில் எரிந்த விளக்கு

பட்டியலில் இருந்த 31-ஐ எடுத்துக்கொண்டவர் ஆய்லர். சுவிட்சர்லாந்தில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த பெருங்கணிதர். 1738-இல் அவருடைய வலக்கண் பார்வை போனது. 1766-இல் இடக்கண்ணில் புரை. 1771-இல் செய்த அறுவைக்குப் பிறகு உலகம் அவருக்கு ஏறக்குறைய முழு இருட்டு.

அடுத்த ஆண்டே, 1772-இல், முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 2147483647 பகா எண் என்று நிறுவினார்!

இந்த எண்ணை ஏதாவது வகுக்குமா என்று பார்க்க, 46,340 வரை உள்ள பகா எண்களை எல்லாம் ஒவ்வொன்றாக வைத்து வகுத்துப் பார்க்க வேண்டும். அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கண் தெரிந்தவனுக்கே மலைப்பு வரும். ஆய்லர் என்ன செய்தார்? வகுப்பதற்கு முன் யோசித்தார். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அந்த வகுக்கும் எண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க முடியும் என்று தர்க்கத்தால் கண்டார். ஒரே வீச்சில் பெரும்பாலான எண்கள் உதிர்ந்தன. மிஞ்சிய கொஞ்சத்தைச் சோதித்தால் போதும் என்றாயிற்று.

அடுத்த 95 ஆண்டுகள், 1867 வரை, மனிதகுலம் அறிந்த மிகப் பெரிய பகா எண் அதுதான். பார்வை போன மனிதர் வைத்த எல்லைக்கல்லைப் பார்வை உள்ள உலகம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தாண்டவில்லை.

"எனக்கு வசதி இல்லை" என்கிறாயா? "கோச்சிங் போகப் பணம் இல்லை" என்கிறாயா? அந்த வலி எனக்குத் தெரியும். அதை நான் சிறிதாக்கிப் பேசவில்லை. ஆனால் இல்லாததை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் இருப்பதை எண்ணு. ஆய்லரிடம் இருந்தது நினைவாற்றலும் யோசனையும். பலம் குறைவானவனால் ஆயிரம் கதவையும் தட்ட முடியாது. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று முதலில் யோசிக்க வேண்டும். அதற்குக் காசு தேவையில்லை.

மெர்சென் விட்டுவிட்ட 61-ஐக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? ரஷ்யாவின் யூரல் பகுதியில் ஒரு கிராமத்துப் பாதிரியார். பெயர் இவான் பெர்வுஷின். 1883-இல் அவர் பகா எண் என்று நிறுவியது 2305843009213693951. பத்தொன்பது இலக்கங்கள்! பக்கத்தில் பல்கலைக்கழகம் இல்லை. கணிப்பொறி இல்லை. தாள் இருந்தது, மை இருந்தது, நீண்ட இரவுகள் இருந்தன. உன் ஊர் சின்ன ஊர் என்று இனி என்னிடம் சொல்லாதே.

விளையாட்டும் வித்தையும்

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1876-இல், பிரான்ஸின் எட்வார் லூக்கா 127-ஆம் அடுக்கை வென்றுவிட்டார். அந்த எண்ணை ஒருமுறை முழுதாகப் பார்:

170141183460469231731687303715884105727

முப்பத்தொன்பது இலக்கங்கள். கணிப்பொறி எதுவும் துணையில்லாமல், மனிதன் கையால் கணக்குப் போட்டு நிறுவிய மெர்சென் பகா எண்களில் மிகப் பெரியது இது. 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், இதைவிடப் பெரிய பகா எண் எவருக்கும் தெரியாது. காரணிகளைத் தேடி வகுத்துக்கொண்டே போயிருந்தால் லூக்காவின் ஆயுள் போதாது. அவர் வகுப்பதையே விட்டுவிட்டு வேறு வாசல் திறந்தார். நீ சற்று முன் போட்டாயே ஐந்து படிக் கணக்கு, அதன் தாய்வேர் அவருடையது. 1930-இல் அமெரிக்கக் கணிதர் டெரிக் ஹென்றி லெமர் அதைச் செப்பனிட்டுத் தந்தார். இன்று உலகம் அதை லூக்கா–லெமர் சோதனை என்கிறது. உன் கையில் இருக்கும் தாளில் இப்போது இருப்பது அந்த இருவரின் உழைப்பு.

ஹனோய் கோபுரம் என்று ஒரு விளையாட்டு உண்டு. மூன்று கம்பம், சிறிதும் பெரிதுமாகத் தட்டுகள், ஒவ்வொன்றாகத்தான் நகர்த்த வேண்டும், சிறியதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது. கணினி படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் அதற்கு நிரல் எழுதுவார்கள். அதையும் 1883-இல் உலகுக்குத் தந்தவர் இதே லூக்காதான். ஏழு தட்டுகளை முழுவதும் இடம் மாற்றக் குறைந்தது எத்தனை நகர்த்தல் வேண்டும் தெரியுமா? சரியாக 127! ஒரு தட்டு கூடினால் வேலை இரண்டு மடங்குக்கும் மேல் ஒன்று கூடும். பெரிய தட்டு ஒரே ஒருமுறைதான் நகரும். அந்த ஒரு நகர்த்தலுக்காகச் சின்னத் தட்டுகள் மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கும். உன் தினசரிப் பயிற்சி அந்தச் சின்னத் தட்டு. அது எங்கும் போகாதது போலத்தான் தெரியும். அது நகராமல் பெரிய தட்டு அசையாது.

ஒரு வார்த்தை பேசாத உரை

1903 அக்டோபர். நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் பேச எழுந்தார். கணித வரலாறு எழுதிய இ. டி. பெல் சொல்லும் கதை இது. கோல் வாய் திறக்கவில்லை. கரும்பலகைக்குப் போனார். இரண்டை அறுபத்தேழு முறை பெருக்கி, ஒன்றைக் கழித்து, விடையை எழுதினார்: 147573952589676412927. பலகையின் மறுபக்கம் போய் இரண்டு எண்களை எழுதினார்: 193707721, 761838257287. இரண்டையும் நீளப் பெருக்கலாகப் பெருக்கினார். விடை வந்தது. இருபுறமும் ஒரே எண்! ஒரு சொல் பேசாமல் இருக்கைக்குத் திரும்பினார். அரங்கம் எழுந்து கைதட்டியது.

மெர்சென் பகா எண் என்று சொன்ன 67-ஆம் அடுக்கு பகு எண்தான் என்று லூக்கா ஏற்கெனவே காட்டியிருந்தார். ஆனால் அது எந்த எண்களாகப் பகுபடும் என்பது எவருக்கும் தெரியாமல் இருந்தது. அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டபோது கோல் சொன்ன பதிலாகப் பெல் எழுதியிருப்பது: மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

மூன்று ஆண்டு ஞாயிறுகள்! ஏறக்குறைய 150 விடுமுறை நாட்கள். உன் ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போகின்றன? கணக்கெடு. கைப்பேசித் திரையை மேலே தள்ளித் தள்ளிக் கழித்த ஞாயிறுகளைக் கூட்டு. அந்தக் கூட்டுத்தொகையைப் பார்க்கும் துணிச்சல் முதலில் உனக்கு வரட்டும்; மற்றத் துணிச்சல் எல்லாம் தானாக வரும்.

இன்னொன்றையும் கவனி. கோல் கொண்டுவந்தது "பகா எண் இல்லை" என்ற செய்தி. அதற்குத்தான் அரங்கம் எழுந்து நின்றது. முடிவுவரை போய்க் கொண்டுவந்த "இல்லை"க்கும் மாலை உண்டு.

பதினெட்டு வயதில் வாசல் தட்டு

1978. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஹேவர்ட் என்ற ஊர். லாரா நிக்கல், லேண்டன் கர்ட் நோல். இருவருக்கும் பதினெட்டு வயது. பள்ளி மாணவர்கள். அருகில் இருந்த பல்கலைக்கழகத்தின் கணினியில் இடம் கேட்டு வாங்கி, தேடத் தொடங்கினார்கள். 21701-ஆம் அடுக்கில் ஒரு புதிய மெர்சென் பகா எண்ணைக் கண்டெடுத்தார்கள். 6,533 இலக்கங்கள். அன்று உலகம் அறிந்த பகா எண்களிலேயே பெரியது. கேட்டார்கள், கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் அந்தக் கணினி வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

நம் நாட்டுக்கு வா. 2002 ஆகஸ்ட். ஐஐடி கான்பூர். பேராசிரியர் மணீந்திர அகர்வால், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்ணா என்று, அதிர்ஷ்டத்தையோ நிறுவப்படாத அனுமானத்தையோ நம்பாமல், எண்ணின் நீளத்துக்கு ஏற்ற நியாயமான காலத்தில் உறுதியாகச் சொல்லிவிடலாம் என்று நிறுவினார்கள். பெரிய பெரிய கணிதர்கள் தேடிக்கொண்டிருந்த விடை. மூவரின் பெயரெழுத்துகளால் அது ஏகேஎஸ் சோதனை என்று அழைக்கப்படுகிறது. 2006-இல் கோடல் பரிசு அவர்களுக்கு வந்தது. பட்டம் வாங்கிய கையோடு அந்த இரண்டு இளைஞர்களும் உட்கார்ந்தது உலகமே திணறிய கேள்வியின் எதிரே. "இதெல்லாம் நமக்கெதற்கு" என்று அவர்கள் நினைக்கவில்லை. நீயும் நினைக்காதே!

எடுத்துப் பார்க்கப்படாத விடை

1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்க நிரலாளர் ஒரு கூட்டுத் தேடலைத் தொடங்கினார். கிம்ப்ஸ் என்று பெயர். இலவச நிரலைத் தருவார். யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக் கணினியில் ஓடவிட்டு மெர்சென் பகா எண் தேடலாம். பட்டம் கேட்பதில்லை, பதவி கேட்பதில்லை. 1998-இல் 19 வயது மாணவர் ரோலண்ட் கிளார்க்சன் அதில் ஒரு பகா எண்ணைக் கண்டார். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். 2017 டிசம்பரில் டென்னசியில் ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவன ஊழியர் ஜொனாதன் பேஸ் ஒன்றைக் கண்டார்; அவர் தேடத் தொடங்கி 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினான்கு ஆண்டுகள், கணினி "இல்லை, இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதன் மின் இணைப்பைப் பிடுங்கவில்லை.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய நிகழ்ச்சி ஒன்று. மிசௌரியில் பேராசிரியர் கர்டிஸ் கூப்பர் ஓடவிட்டிருந்த ஒரு கணினி 2015 செப்டம்பர் 17 அன்று ஒரு புதிய பகா எண்ணைக் கண்டது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அன்று உலகத்திலேயே பெரியது. செய்தி மையக் கணினிக்கும் போய்விட்டது. ஆனால் தகவல் தெரிவிக்கும் மின்னஞ்சலில் கோளாறு. யாரும் பார்க்கவில்லை. 2016 ஜனவரி 7 அன்று பராமரிப்பு வேலையின்போதுதான் ஒருவர் கண்ணில் பட்டது. கண்டுபிடித்த நாளாகவும் அந்த ஜனவரி நாளையே பதிந்தார்கள். விடை கிடைத்தும் ஏறக்குறைய நான்கு மாதம் உலகின் மிகப் பெரிய பகா எண் தூசியில் கிடந்தது!

தங்கையே, உன் டைரியில் கிடக்கும் கதையை யாருக்காவது காட்டினாயா? தம்பி, நீ வடிவமைத்த அந்தச் சின்னக் கருவியை ஆசிரியரிடம் கொண்டுபோனாயா? விடை உனக்குள் இருந்தால் மட்டும் போதாது. எடுத்து வெளியே வை. யாராவது வந்து கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்தால் மாதங்கள் போகும், வருடங்களும் போகும்.

"இதனால் என்ன பயன்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 1971-இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரயண்ட் டக்கர்மன் 19937-ஆம் அடுக்கில் ஒரு மெர்சென் பகா எண் கண்டார். 6,002 இலக்கங்கள். அன்று அதை வைத்து ஒரு பைசாவுக்கும் பயன் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1997-இல், ஜப்பானின் மகோதோ மட்சுமோதோ, தகூஜி நிஷிமுரா இருவரும் அதை அடிப்படையாக வைத்து, கணினி தற்செயல் எண்களை உருவாக்கும் ஒரு முறையை அமைத்தார்கள். மெர்சென் ட்விஸ்டர் என்று பெயர். பைத்தான் மொழியில் உன் நண்பன் தாயம் உருட்டும் நிரல் எழுதினால், அந்தத் தாயத்தை உருட்டுவது அந்தப் பழைய பகா எண்தான். நீ இன்று கற்றுக்கொள்வது எந்த ஆண்டு எவனுக்குப் பயன்படும் என்று இன்றே கேட்காதே. உண்மையாகக் கற்றது வீண் போகாது.

நான்கு கோடி இலக்கங்கள்

இன்று மனிதன் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணுக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் கண்டது. இரண்டை 13,62,79,841 முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் அது. 4,10,24,320 இலக்கங்கள். 8816943275 என்று தொடங்கி 1-இல் முடிகிறது. நொடிக்கு ஓர் இலக்கம் வீதம், உண்ணாமல் உறங்காமல் படித்தால் ஏறக்குறைய 475 நாள் ஆகும். இரும முறையில் எழுதினால் பதின்மூன்று கோடியே அறுபத்திரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் வரிசையாக எரியும், ஒன்றுகூட அணைந்திருக்காது.

கண்டவர் கலிஃபோர்னியாவின் லூக் டுரண்ட், வயது 36. முன்பு என்விடியா நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 17 நாடுகளில் பரவிய கணினி மையங்களில் ஜிபியூ சில்லுகளை வாடகைக்கு எடுத்து, ஓராண்டு விடாமல் தேடினார். அயர்லாந்தின் டப்ளினில் ஒரு சில்லு "இது பகா எண்ணாக இருக்கக்கூடும்" என்றது. மறுநாள் டெக்சஸின் சான் அந்தோனியோவில் இன்னொரு சில்லு லூக்கா–லெமர் சோதனையை முடித்து, உறுதி செய்தது. பரிசாக வந்த 3,000 டாலரையும் தான் படித்த அலபாமா பள்ளிக்கே கொடுத்தார். அதற்கு முந்தைய பகா எண் கிடைத்தது 2018 டிசம்பரில். இடையே ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் சோதித்த ஒவ்வொரு எண்ணுக்கும் விடை "இல்லை".

இப்போது உன் தாளை மறுபடி எடு. நீ போட்டது ஐந்து படி. அந்த எண்ணுக்குப் போட வேண்டிய படிகள் 13,62,79,839. தொடக்கப் படிகள் சில தவிர ஒவ்வொன்றிலும் கோடிக்கணக்கான இலக்கங்கள். ஒரு படியில் ஓர் இலக்கம் பிசகினால் அத்தனையும் பாழ். அதன் கடைசிக்கு முந்தைய படியில் மீதி எவ்வளவு சின்னதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? அங்கே இருந்தது இரண்டு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட ஒரு பூதம். பதின்மூன்று கோடிப் படி ஏறிய பிறகும் எதிரே மலை அவ்வளவு உயரம் நின்றது. அடுத்த ஒரே படி. பூஜ்யம்!

உன் 111-க்கும் அந்தப் பூதத்துக்கும் ஒரே இயல்பு. கணக்கு முடியும் நொடி வரை அது முடியப்போவதாகக் காட்டிக்கொள்ளாது.

பகா எண்கள் முடிவதில்லை என்று யூக்ளிட் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். கடைசிப் பகா எண் என்று ஒன்று கிடையாது. நான்கு கோடி இலக்க எண்ணுக்கு அப்பாலும் அடுத்தது எங்கோ இருக்கிறது. இந்த நொடி வரை அதைக் கண்டவர் எவரும் இல்லை. தேடுவதற்கான நிரல் இன்றும் இலவசம். வயது வரம்பு இல்லை. சிபாரிசுக் கடிதம் தேவையில்லை.

அந்தத் தாளைக் கிழித்து எறியாதே. உன் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டு. 14, 67, 42, 111, 0. மனம் தளரும் நாளில் அந்த நான்காவது எண்ணைப் பார். பிறகு உன் பாடப்புத்தகத்தைத் திற. உன் கடைக் கதவைத் திற. உன் பாதியில் நின்ற வேலையைத் திற.

பேனாவை எடு. அடுத்த படியைப் போடு.